லீல் நகரத்து மாடு, மதனப்பள்ளித் தோள்

33, 5036, 47, 5761, 13.

புள்ளியியல் படிக்கிறவர்களில் பலருக்கு இந்த ஐந்து எண்களும் பழக்கமானவை. பல இடங்களில், பல காலங்களில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஒரே விடை காண்பது எப்படி என்று சொல்லித்தர, உலகெங்கும் ஆசிரியர்கள் எடுத்துப்போடும் பயிற்சி அட்டவணை ஒன்று உண்டு. அதில் 13 ஆய்வுகள், ஆய்வுக்கு ஒரு வரிசை. ஐந்தாவது வரிசை இது. பி.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டவர்களில் 33 பேருக்குக் காசநோய் வந்தது, 5036 பேருக்கு வரவில்லை. போட்டுக்கொள்ளாதவர்களில் 47 பேருக்கு வந்தது, 5761 பேருக்கு வரவில்லை. கடைசியாக நிற்கும் 13, ஆட்களின் கணக்கு அல்ல. அது அட்சரேகை. பூமத்திய ரேகையிலிருந்து 13 பாகை வடக்கே அந்த ஆய்வு நடந்தது என்று பொருள்.

அந்த இடம் மதனப்பள்ளி. அந்த வரிசையில் ஊர்ப்பெயர் கிடையாது. ஆய்வாளர் பெயரும் 1973 என்ற ஆண்டும்தான் இருக்கும்.

நான் ஸ்ரீகாளஹஸ்திக்காரன். வீட்டில் தமிழ், வாசலில் தெலுங்கு. 2022இல் மாவட்டங்களைப் பிரிக்கும்வரை மதனப்பள்ளியும் நாங்களும் ஒரே சித்தூர் மாவட்டம். எங்கள் ஊரும் 13க்கும் 14க்கும் நடுவில்தான் கிடக்கிறது. என் இடது தோளில் ஒரு பொட்டு அளவுக்குச் சுருங்கிய தழும்பு இருக்கிறது. ஊசி போட்ட இடம் பழுத்துச் சீழ் கோத்தபோது பாட்டி பயந்துபோனாள் என்று அம்மா சொல்வாள். அந்த ஐந்து எண்களுக்குப் பின்னால் இருப்பது யார் என்று தெரிந்த நாளிலிருந்து, இந்தத் தழும்புக்குள் வந்த உயிர் எங்கே கிளம்பி எந்த வழியாக வந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். சிலந்தி, பாம்பு, யானை மூன்றையும் ஒரே பெயரில் சேர்த்து வைத்திருக்கும் ஊர் எங்களுடையது. அந்தப் பெயரில் முதலில் நிற்பது சிலந்தி. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்கு வரலாறு எழுதுவது எங்களுக்குப் புதிதாகத் தோன்றாது.

அது ஒரு பசுவின் மடியிலிருந்து கிளம்பியது. எட்மண் நொக்கார் என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர், மடியில் காசநோய் கண்ட பசு ஒன்றின் பாலிலிருந்து பிரித்தெடுத்த கிருமி. மனிதரைக் கொல்லும் காசநோய்க் கிருமிக்கு மிக நெருங்கிய உறவு. 1908இல் லீல் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் ஆல்பெர் கால்மெத் என்ற மருத்துவரும் கமீல் கெரென் என்ற கால்நடை மருத்துவரும் அதைக் கையில் எடுத்தார்கள். கண்ணாடிக் குழாயில் வளர்த்தால் இந்தக் கிருமி கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்துவைக்க மாட்டின் பித்தநீரைச் சேர்த்துப் பார்த்தார்கள். கிளிசரினில் வெந்த உருளைக்கிழங்குத் துண்டு, அதன்மேல் பித்தநீர். இதுதான் அதற்கு உணவு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பழைய துண்டிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுத் துண்டில் வைக்க வேண்டும். வைக்க வைக்கக் கிருமியின் கடுமை குறைவதைக் கவனித்தார்கள். அதன்பிறகு அவர்கள் விடவில்லை.

13 ஆண்டுகள். 230 முறை மாற்றி வைத்தார்கள். இடையில் முதல் உலகப்போர் வந்தது. 1914 அக்டோபரிலிருந்து நான்கு ஆண்டுகள் லீல் நகரம் ஜெர்மன் படையின் பிடியில் இருந்தது. மனிதர் தின்னவே உருளைக்கிழங்கு கிடைக்காத காலத்திலும் இந்தக் கிருமிக்குத் துண்டு வெட்டி வைத்தார்கள். வளர்ப்பு நின்றிருந்தால் எல்லாம் போயிருக்கும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. மாடு கட்டியவன் தீவனம் போடுவதுபோல மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நாள் தவறாமல், செய்த வேலை. அந்த 13 ஆண்டுகளில் கிருமியின் மரபணுத் தொகுதியிலிருந்து ஒரு துண்டு உதிர்ந்துபோயிற்று. நுரையீரலைத் துளைக்கும் வலு அந்தத் துண்டில் இருந்தது. ஆர்.டி.1 என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் வந்ததோ 1990களில்தான். கால்மெத்துக்கும் கெரெனுக்கும் அது தெரியாது. சீமைப்பெருச்சாளியும் கன்றுக்குட்டியும் சாகவில்லை என்பதுதான் அவர்கள் கண்ட சான்று.

1921இல் பாரிஸில் பிறந்த ஒரு குழந்தைக்கு இதை வாயில் புகட்டினார்கள். பெற்றதாய் காசநோயால் இறந்திருந்தாள். குழந்தைக்கு நோய் வரவில்லை. கிருமிக்குக் கால்மெத், கெரென் இருவர் பெயரும் சேர்ந்தது: பசில் கால்மெத் கெரென், பி.சி.ஜி.

அதற்கு மேல் வந்த வழி நேரானது அல்ல. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் இந்த மருந்து புகட்டிய குழந்தைகளில் 72 பேர் இறந்தார்கள். அங்குள்ள ஆய்வகத்தில் கடுமை குறையாத காசநோய்க் கிருமி இதோடு கலந்துவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது. பி.சி.ஜி. குற்றமற்றது என்று தெளிவான பிறகும் அச்சம் நீங்கவில்லை. அதற்குள் கிருமி நாடு நாடாகப் போயிருந்தது. 1924இல் ரஷ்யாவுக்கு, 1925இல் ஜப்பானுக்கு, 1931இல் டென்மார்க்குக்கு. உறையவைத்து உலர்த்தும் முறை அன்று இல்லை. போன இடத்திலெல்லாம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஊருக்கு ஒருவராகப் போய் வேறு வேறு பேச்சுப் பேசுவதுபோல, அந்தந்த ஊரில் அதனதன் போக்கில் கொஞ்சம் கொஞ்சம் மாறிப்போயின. எங்கள் பக்கம் வந்தது கோபன்ஹேகன் பிள்ளை.

வந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐரோப்பாவில் காசநோய் பெருகியபோது டென்மார்க்குச் செஞ்சிலுவைச் சங்கம் குழந்தைகளுக்குப் பி.சி.ஜி. போடக் கிளம்பியது. நார்வேயும் சுவீடனும் யுனிசெஃபும் சேர்ந்துகொண்டன. அந்த இயக்கம் இந்தியாவையும் எட்டியது. மதனப்பள்ளியில் டென்மார்க்கோடு உறவு முன்பே இருந்தது. ஊருக்கு வெளியே, காற்று உலர்ந்த மேட்டில், 1915இல் திறந்த காசநோய் மருத்துவமனைக்கு ஆரோக்கியவரம் என்று பெயர். அதைக் கட்டி வளர்த்தவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர் என்ற டேனிஷ் மிஷன் மருத்துவர். மருந்து இல்லாத காலம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். சயரோகம் என்றாலே சொந்தக்காரர்கள் தட்டைத் தனியாக எடுத்துவைத்த நாட்களில் அந்த மருத்துவமனை நோயாளியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தது.

1948இல் இந்தியாவில் முதன்முதலாகப் பி.சி.ஜி. போட்ட இடங்களில் ஒன்று மதனப்பள்ளி. அதே ஆண்டில் சென்னை கிண்டியில், கிங் நிறுவன வளாகத்தில், பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் தொடங்கியது. டென்மார்க்கு விதையை வைத்து அங்கே வளர்த்தார்கள். அன்றைய மருந்து நீர்மமாக இருக்கும். இரண்டு வாரம் தாண்டினால் உள்ளே இருக்கும் உயிர் குறைந்துவிடும். வெயில் பட்டால் நிமிடக்கணக்கில் சாகும். கிண்டியிலிருந்து மதனப்பள்ளி சுமார் 250 கிலோமீட்டர். நம் பக்கத்து வெயிலில் பனிக்கட்டியோடு அதைச் சுமந்து வந்தவர்கள் யார் என்று எந்த ஆய்வுக் கட்டுரையும் சொல்லாது. பசுவும் உருளைக்கிழங்கும் வரலாற்றில் ஏறிவிட்டன. ஐஸ் பெட்டியைத் தூக்கியவர்கள் ஏறவில்லை.

1950இல் யோஹன்னஸ் ஃப்ரிமோட்-மோலர் தலைமையில் மதனப்பள்ளி நகரத்தையும் சுற்றியிருந்த கிராமங்களையும் வீடு வீடாக எண்ணத் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் பெயரையும் பதிந்து, முன்கையில் டியூபர்குலின் குத்திப் பார்த்து, எக்ஸ்-ரே எடுத்தார்கள். கிருமியை முன்பே சந்தித்தவர்களுக்குக் குத்திய இடம் தடிக்கும். தடிக்காதவர்களில் ஒருவர் விட்டு ஒருவருக்குப் பி.சி.ஜி. பிறகு ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். இதற்கு நடுவே 1953இல் சென்னை மாநிலத்தைப் பிரித்தபோது அந்தக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. கணக்கெடுப்பு நிற்கவில்லை.

இதே 1950இல், இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பை முடிக்கும் வயதுப் பிள்ளைகளுக்குக் கோபன்ஹேகனிலிருந்து வந்த இதே வம்சத்துப் பி.சி.ஜி.யைப் போட்டு ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அட்டவணையில் அது மதனப்பள்ளிக்கு நேர் மேலே நிற்கிறது, நான்காவது வரிசையில். போட்டுக்கொண்ட 13,598 பேரில் 62 பேருக்கு நோய். போட்டுக்கொள்ளாத 12,867 பேரில் 248 பேருக்கு நோய். முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு. அட்சரேகை 52. அடுத்த வரிசையில் இறங்கினால் மதனப்பள்ளி: 5069 பேரில் 33, 5808 பேரில் 47. ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாத வித்தியாசம். அது ஊசியால் வந்ததா, தற்செயலா என்று அடித்துச் சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது.

ஒரே மாட்டின் வம்சம், ஒரே கோபன்ஹேகன் வழி. பின் ஏன் இப்படி?

அந்தக் கேள்வி முற்றுவதற்குள் சென்னையில் ஒரு சண்டை நடந்துவிட்டது. 1955இல் ராஜாஜி பி.சி.ஜி.யை வெளிப்படையாக எதிர்த்தார். நோயில்லாத பிள்ளைகள் உடம்பில் உயிருள்ள கிருமியைக் கூட்டம் கூட்டமாகச் செலுத்துவதை அவர் ஏற்கவில்லை. அரசு அவர் சொன்னதைக் கேட்கவில்லை. ஊசி கெடுதல் செய்யும் என்ற அச்சத்தில் அவர் தவறினார் என்பதே என் கருத்து. ஆனால் நம் மண்ணில் இது வேலை செய்கிறதா என்று முதலில் காட்டு என்று கேட்பது எந்தக் குடிமகனுக்கும் உரிமை. அதற்கு விடை சொல்ல அன்று யாரிடமும் போதிய எண்கள் இல்லை.

விடை தேடி அடுத்த பெரிய ஆய்வு 1968இல் எங்கள் ஊருக்கு இன்னும் பக்கத்தில் தொடங்கியது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில். காளஹஸ்தியில் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்தின. உலகில் அதுவரை நடந்த தடுப்பூசி ஆய்வுகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று. சுமார் இரண்டே முக்கால் லட்சம் பேர் தோளைக் காட்டினார்கள். டென்மார்க்கு வம்சம் ஒன்று, பாரிஸ் வம்சம் ஒன்று, இரண்டிலும் இரண்டு அளவு, இவற்றோடு மருந்தில்லாத வெறும் நீர்மம். எந்தக் குப்பியில் எது என்று போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முழுக்க எக்ஸ்-ரே, சளிப் பரிசோதனை.

1979இல் முதல் முடிவு வெளியானது. அட்டவணையின் எட்டாவது வரிசை அது. இருபக்கமும் 88,391 பேர். போட்டுக்கொண்டவர்களில் 505 பேருக்கு நோய். போட்டுக்கொள்ளாதவர்களில் 499 பேருக்கு. அட்சரேகை மறுபடியும் 13.

நடத்தியவர்கள் எதிர்பார்த்த விடை இது அல்ல. நாடு முழுக்கப் போட்டுக்கொண்டிருந்த ஊசி அது. கோடிக்கணக்கான தோள்களில் ஏறிவிட்ட பிறகு, வளர்ந்தவர்களின் நுரையீரல் காசநோயை இது தடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அவர்கள் எழுதினார்கள். பத்தாண்டுக்கும் மேல் கழித்து அவசரமில்லாமல் மறுபடி எண்ணிப் பார்த்தார்கள். 15 ஆண்டுத் தொடர்ச்சியின் முடிவு 1999இல் வந்தது. வளர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, 15 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சுமார் 27 விழுக்காடு, அதுவும் உறுதியற்ற 27. இந்தியாவில் நடந்த மருத்துவ ஆய்வுகளில் நான் தலைவணங்குவது வெற்றி என்று அறிவித்த எதற்கும் அல்ல, இதற்குத்தான்.

காரணம் என்ன? முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் பலரும் ஏற்கும் ஒரு விளக்கம் உண்டு. அது எனக்கு எங்கள் ஊர்ச் சொர்ணமுகி ஆற்றை நினைவூட்டுகிறது. கோடையில் ஆறு வற்றிக் கிடக்கும்போது மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியும் முன்பே அள்ளிக் குடித்த பிள்ளைகள் நாங்கள். வெப்ப நாடுகளின் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுகள் நிறைய வாழ்கின்றன. பெரும்பாலும் கெடுதல் செய்யாதவை. வெறுங்காலோடு சேற்றிலும் ஏரியிலும் வளர்கிற பிள்ளைக்குப் பத்து வயதுக்குள் அவற்றோடு நல்ல பழக்கம் ஏற்பட்டுவிடும். அந்தப் பழக்கமே கொஞ்சம் பாதுகாப்புத் தரும். அதன்மேல் பி.சி.ஜி. போட்டால் கூடுதலாக ஒன்றும் சேராது. அல்லது, உடம்பு அதையும் பழைய உறவு என்று அடையாளம் கண்டு, அது வேலை தொடங்கும் முன்பே ஒழித்துவிடும். 1966இல் பாமர், லாங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சீமைப்பெருச்சாளிகளை வைத்து இதற்குச் சான்று காட்டினார்கள். 52ஆம் பாகையில் குளிரில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த உறவுகளோடு அவ்வளவு பழக்கம் கிடையாது. அதனால் அங்கே ஊசிக்கு வேலை இருந்தது.

இதிலிருந்துதான் மிக முக்கியமான ஒன்று விளங்கும். பிறந்த குழந்தை இன்னும் மண்ணைத் தொடவில்லை. அதன் உடம்பில் பி.சி.ஜி. நன்றாக வேலை செய்கிறது. காசநோயால் வரும் மூளைக்காய்ச்சலையும், உடம்பெங்கும் சிதறிப் பரவும் கொடிய காசநோயையும் தடுக்கிறது. காசநோய் வகைகளில் சின்னக் குழந்தைகளுக்கு உயிராபத்து மிகுந்தவை இவை இரண்டும்தான். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இன்று பிறக்கும் குழந்தைக்கு இடது தோளில், தோலுக்குள், 0.05 மில்லி. மருந்து இப்போது உலர்ந்த தூளாக, வெளிச்சம் புகாத பழுப்புக் குப்பியில் வருகிறது. உப்புநீரில் கரைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இன்று நாட்டில் பெரிய அளவில் தயாராவது ரஷ்யாவுக்குப் போன பிள்ளையின் வம்சம். 1924இல் தாய்வீட்டைவிட்டுக் கிளம்பியது, நூறாண்டு கழித்துக் காளஹஸ்திக்கு வந்து சேர்கிறது.

கிண்டி ஆய்வகத்துக்கும் நல்ல நாட்கள் மட்டுமே வாய்க்கவில்லை. 2008இல் தயாரிப்புத் தரவிதிகளைக் காட்டி அதன் உரிமத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது. குன்னூர், கசௌலி அரசுத் தடுப்பூசிக் கூடங்களும் சேர்ந்து பாதிக்கப்பட்டன. 2010இல் அந்த நிறுத்தம் விலகியது. தரக் குறைவு இருந்தால் திருத்த வேண்டும். இந்த மூன்று அரசுக் கூடங்களையும் ஒரே நேரத்தில் பூட்டியது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

கதை அதோடு முடியவில்லை. உலகத்துக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். 2024இல் இந்தியாவின் பல மாநிலங்களில் வளர்ந்தவர்களுக்குப் பி.சி.ஜி. போட்டுப் பார்க்கும் ஆய்வு தொடங்கியது. முன்பு காசநோய் வந்து குணமானவர்கள், நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகைபிடிப்பவர்கள், உடல் மெலிந்தவர்கள், 60 வயது கடந்தவர்கள் ஆகியோருக்கு. திருவள்ளூர் சொன்ன விடை தெரிந்தும் மறுபடி ஏன் என்று கேட்கலாம். அன்று கேட்ட கேள்வி ஊர் மக்கள் எல்லோரையும் பற்றியது. இன்றைய கேள்வி, நோய் வரும் வாய்ப்பு மிகுந்தவர்களுக்கு மட்டும் இது உதவுமா என்பது. கேட்கத் தகுந்த கேள்வி.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. மதனப்பள்ளி முடிவும் திருவள்ளூர் முடிவும் ஆங்கில ஆய்விதழ்களில் வெளிவந்தன. அந்த எண்கள் ஒவ்வொன்றும் ஒரு தோள். ஏற்றம் இறைத்த தோள், பிள்ளை சுமந்த தோள், ஏர் பிடித்த தோள். எக்ஸ்-ரே வண்டிக்கு முன்னால் வெயிலில் வரிசையில் நின்றவர்கள் அவர்கள். பி.சி.ஜி.யை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அவர்களே. இன்று நடக்கும் புதிய காசநோய்த் தடுப்பூசி ஆய்வுகள் எல்லாம் அவர்கள் கொடுத்த பாடத்தின்மேல் நிற்கின்றன.

ஆகவே, ஆய்வு நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த முறை முடிவு எதுவாக இருந்தாலும், நல்லதோ கெட்டதோ, அதைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி, தோளைக் கொடுத்த ஒவ்வொரு ஊரின் சுகாதார நிலையத்துச் சுவரிலும் ஒட்டுங்கள். ஆஷா அக்காமார் அதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துச் சொல்லட்டும். பச்சைக்குழந்தையைக் கையில் வைத்திருக்கும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை: இடது தோளில் ஊசி போட்ட இடம் இரண்டு மூன்று வாரத்தில் சிவந்து பழுக்கும், சீழ் வடியும், தானே ஆறும். பயப்படாதீர்கள். மருந்து தடவாதீர்கள், கட்டுப் போடாதீர்கள். உள்ளே போன உயிர் தன் வேலையைச் செய்கிறது.